தண்ணீர் ஊத்தியாச்சு என்று சொன்னது குறித்து

இடது கண் தப்பிவிட்டது என்றும், வலது கண்ணைப் பற்றி வியாழக்கிழமை காலை கட்டைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றும், இன்று செவ்வாய்க்கிழமை காலை பார்வையிட வந்த கண் டாக்டர் என் கட்டில் அருகில் நின்று என்னிடமும் என் மனைவியிடமும் சொன்னார். இதைச் சொல்லும் என் பெயர் ஜெகபர் சாதிக், வயது 44, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற நஜிமுதீன். திருச்சி பாலக்கரைப் பகுதியில் மனைவி வஹீதாவுடன் குடியிருந்து வருகிறேன். வீட்டுக்கு அடுத்த தெருவில், உடைந்த பிளாஸ்டிக் பொருள்களைச் சூடுபோட்டு ஒட்டித் தரும் கடை வைத்திருக்கிறேன். கடந்த வெள்ளிக்கிழமை பகலில் என் கடையில் பெட்ரோல் டேங்க் ஒன்று வெடித்து முகத்திலும் கண்களிலும் காயம்பட்டு, தில்லை நகரில் உள்ள தனியார் கண் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து வருகிறேன். இடது கண் தப்பிவிட்டாலும் ஒரு கண் அசைந்தால் மற்ற கண்ணும் அசையும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள்.

விபத்து நடந்த அன்று மாலை இதே கட்டிலில் வைத்து நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு விஷயம் தவறு என்று நேற்று எனக்குத் தெரியவந்தது. அதனால் என் மனைவியைக் காவல் நிலையத்துக்கு அனுப்பி, முதல் வாக்குமூலத்தை எழுதிய சிறப்பு உதவி ஆய்வாளர் பீமராவ் அவர்களை நானே வரச் சொல்லி இதைச் சொல்கிறேன். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை.

என் கடைக்கு வாளி, தண்ணீர்த் தொட்டி, வேன் பம்பர், ஸ்கூட்டர் மூடி என்று எல்லாம் வரும். மலைப் பாதையிலும் மணலிலும் ஓட்டுகிற டர்ட் பைக்குகளின் டேங்கும் அவ்வப்போது வரும். அந்த டேங்க் தகரம் அல்ல, தடித்த பிளாஸ்டிக். அதை ஒட்டுவதற்கு நான் வைத்திருக்கும் முறை இது. முதலில் பெட்ரோலை இறக்கிவிட்டுச் சோப்புத் தூள் போட்டுக் கழுவ வேண்டும். அதன் பிறகு டேங்குக்குள் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதன் பிறகு மூடியைப் போட்டு, விரிசல் மேலே பார்க்கும்படி மணல் தட்டில் படுக்க வைக்க வேண்டும். அதன் பிறகு நான் விரிசலின் இரண்டு முனைகளிலும் ஓட்டை போட்டு, சூட்டுக் கோலால் விரிசலைப் பள்ளமாகத் திறந்து, கம்பி வலை பதித்து, அதே ஜாதி பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்புவேன்.

தண்ணீர் நிரப்புவதற்குக் காரணம் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் பெட்ரோல் அந்தப் பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும். சூடு பட்டால் ஆவியாக உள்ளே இறங்கும். ஆவி நிற்க இடம் இருக்கக் கூடாது என்றால் அந்த இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். காலியான டேங்குதான் ஆபத்து. வெள்ளை டேங்காக இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்பது வெளியிலேயே தெரியும். வெடித்த டேங்க் கறுப்பு.

வெள்ளிக்கிழமை காலை நான் வேன் டிரைவர் ரெஜிஸ் என்பவரின் வண்டிக்குப் பம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். வேனின் பேட்டரி சரியில்லை, நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்று அவர் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தார். அந்த நேரத்தில் ஒரு பெண் டர்ட் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் பெயர் மேகனா என்றும், ஸ்ரீரங்கத்தில் தன் தாயாருடன் குடியிருந்து ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக வேலை பார்க்கிறார் என்றும் அவரே சொன்னார். அதற்கு முன்பு அவரை நான் பார்த்ததில்லை.

ரெஜிஸ் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சரா நீங்க? எங்க ஸ்கூல் டீச்சருங்க ஸ்கூட்டியிலயே காலத் தொங்கப் போட்டுக்கிட்டுதான் போவாங்க. இது என்னங்க, வெட்டுக்கிளிக்கு நம்பர் பிளேட் மாட்டின மாதிரி?" என்று கேட்டார்.

"வெட்டுக்கிளி இல்லேண்ணா, குதிரை. நேத்துதான் என்னைக் கீழ தள்ளித்து" என்றார் மேகனா.

"பிள்ளைங்களுக்கு மெதுவா போங்கடான்னு எந்த வாயால சொல்லுவீங்க?"

"நான் கணக்கு மட்டும்தான் சொல்லிக் குடுப்பேன்."

நானும் சிரித்தேன். அதன் பிறகு அவர் என்னிடம், திருவெள்ளறைப் பக்கம் காட்டில் ஓட்டிப் பழகும்போது வண்டி சாய்ந்து கல்லில் மோதியதாகவும், பெட்ரோல் குழாய்க்கு மேலே டேங்க் விண்டுவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை போட்டி இருப்பதாகவும், புது டேங்க் வெளியூரிலிருந்து வர மாதக் கணக்கில் ஆகும் என்பதாகவும் சொன்னார். விரிசலைப் பார்த்தேன். ஒட்டக் கூடியதுதான்.

பம்பரைப் பாதியில் விட முடியாது என்பதால் நான் வேனின் அருகில் இருந்தபடியே சொன்னேன். சொன்ன வார்த்தைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "டேங்க கழட்டி, கழுவி, தண்ணி ஊத்திட்டு, மூடியப் போட்டு அந்த மணல்ல வைங்கம்மா. விரிசல் மேல பாக்கட்டும். ஜும்ஆவுக்கு முன்னாடி முடிச்சிரலாம்" என்றேன். அவர் சரி என்றார்.

அவருக்கு வேலை தெரிந்திருந்தது. என்னிடம் ஸ்பேனர் கேட்கவில்லை, அவர் பையிலேயே இருந்தது. பெட்ரோலைக் கேனில் இறக்கி அதைத் தெருவின் எதிர்ப்புறம் கொண்டுபோய் வைத்தார். வெளிக் குழாயடியில் டேங்கைக் கழுவினார். தண்ணீர் நிறைந்த டேங்கை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு அவர் நடந்ததை நான் வேனுக்கு அடியிலிருந்து பார்த்தேன். அதைப் பார்த்ததால் என் மனதில் டேங்கில் தண்ணீர் இருக்கிறது என்று பதிந்துவிட்டது. அதன் பிறகு நான் பம்பர் வேலையில் குனிந்துவிட்டேன். அவர் அந்தத் தண்ணீரைச் சாக்கடை ஓரமாகச் சாய்த்ததையும், டேங்கை வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டியதையும் நான் பார்க்கவில்லை. அதை ரெஜிஸ் பார்த்திருக்கிறார், பின்னால் அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன். தப்பு என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

பம்பர் முடிந்து நான் உள்ளே வந்தபோது டேங்க் மணல் தட்டில் சொன்னபடியே விரிசல் மேலே இருக்க வைக்கப்பட்டிருந்தது. பள்ளிவாசலுக்குப் போகக் குளிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. வேன் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகக் கேட்டேன்.

"தண்ணி ஊத்தியாச்சாம்மா?"

"ஊத்தியாச்சு பாய்."

"முழுசாவா?"

"முழுசா ஊத்தியாச்சு பாய்."

எப்போதும் விரல் முட்டியால் டேங்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் சத்தம் அடங்கி வரும், காலியாக இருந்தால் பானை மாதிரி கேட்கும். அன்று தட்டவில்லை. தட்டியிருந்தாலும் வேன் சத்தத்தில் கேட்டிருக்காது என்று என் மைத்துனர் அப்துல் ஹலீம் சொல்கிறார். அது எனக்குத் தெரியாது. நான் தட்டவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும்.

வியர்வையில் பாதுகாப்புக் கண்ணாடி மங்கியதால் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து சூட்டுக் கோலை விரிசலில் வைத்தேன். பிளாஸ்டிக் இளகி, கோல் உள்ளே இறங்கியது. அப்போது வெடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. கனத்த போர்வையை உதறினால் வரும் சத்தம். விரிசல் வழியாக நெருப்பும் உருகிய பிளாஸ்டிக்கும் என் முகத்துக்கு வந்தன. கடைசியாக நான் பார்த்தது அந்த விரிசல்தான்.

அதன் பிறகு நடந்தவை நான் காதால் கேட்டவையும் உடம்பால் அறிந்தவையும் மட்டுமே. யாரோ மணலை அள்ளி அள்ளிப் போடும் சத்தம் கேட்டது. மேகனா என் தலையைப் பிடித்துக் குழாயடியில் வைத்துக் கண்ணில் தண்ணீர் விழச் செய்தார். அதன் பிறகு ரெஜிஸ் தன் வேனில் ஏற்றிக்கொண்டார். வேனில் என் தலை மேகனாவின் மடியில் இருந்தது. அவர் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு வழியெல்லாம் என் கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். "கண்ணத் தொறங்கோ பாய், விடறேன், விடறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வலியில் எனக்கு அந்த வார்த்தை வேறு மாதிரி காதில் விழுந்தது. என்னை விட்டுவிட்டுப் பாதியில் இறங்கப்போகிறார் என்று பயந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விடாதீங்கம்மா, விடாதீங்க" என்றேன். உடனே தண்ணீர் நின்றது. எரிச்சல் தாங்காமல் நான் கத்தினேன். முன்னாலிருந்து ரெஜிஸ், "ஏங்க நிறுத்திட்டீங்க, ஊத்துங்க!" என்று கத்தினார். மறுபடியும் தண்ணீர் விழுந்தது. ஏன் நின்றது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அவருக்குக் கை வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தண்ணீரால்தான் இடது கண் தப்பியது என்றும் டாக்டர் இன்று காலை சொன்னார். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மாலை உதவி ஆய்வாளர் வந்து கேட்டபோது என் முகம் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. டேங்கில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டார். இருந்திருந்தால் வெடித்திருக்காது, இல்லை என்றேன். அந்தப் பெண் என்ன சொன்னார் என்று கேட்டார். "முழுசா ஊத்தியாச்சுன்னு சொல்லிச்சு சார். பொய் சொல்லிருச்சு" என்றேன். பொய் என்ற வார்த்தையை அவராக எழுதவில்லை, நான்தான் சொன்னேன். ரெஜிஸும் விசாரணையில் அந்தப் பெண் ஊத்தியாச்சு என்று சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அது உண்மை.

அதன் பிறகு மேகனாவை நிலையத்துக்கு அழைத்து விசாரித்திருக்கிறார்கள். ஊத்தியாச்சு என்று சொன்னீர்களா என்றதற்கு ஆமாம், சொன்னேன் என்றும், டேங்க் காலியாக இருந்ததா என்றதற்கு ஆமாம், காலியாகத்தான் இருந்தது என்றும், இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறார். பாய் சொன்னபடிதான் செய்தேன் என்றும் சொல்லியிருக்கிறார். தண்ணீர் இருப்பதாகப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார் என்று வழக்கு பதிவாகி, இந்த வெள்ளிக்கிழமை ஆஜராகும்படி அவருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். இது முடியும் வரை வர வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். இவற்றை என் மனைவியின் தம்பி அப்துல் ஹலீம் எனக்குச் சொன்னார்.

அப்துல் ஹலீம் வெள்ளிக்கிழமையிலிருந்து என்னுடனேயே இருக்கிறார். மருந்துக்கும் மாத்திரைக்கும் அலைவது அவர்தான். சனிக்கிழமை அவர் என்னிடம், "அந்தப் பொண்ணு வெளிய வந்து நிக்குது மச்சான். நான் உள்ள விடல" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னார். அன்று அந்தப் பெண்ணுக்குப் போட்டி இருக்கும் நாள். கண் கட்டியிருப்பதால் வராந்தாவில் நடப்பவர்களின் செருப்புச் சத்தம் எனக்கு அடையாளம் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு ஜோடிச் செருப்பு வாசல் வரை வரும், நிற்கும், திரும்பிப் போகும்.

கட்டுக்குள் இமையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யாரும் இல்லாதபோது நான் வலது இமையைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தேன். சிவப்பாக ஏதோ தெரிந்தது. அது ஜன்னல் வெளிச்சமா, நானே நினைத்துக்கொண்டதா என்று தெரியவில்லை. அதன் பிறகு அசைக்கவில்லை. என் வேலைக்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஒரு கண்ணால் பார்த்தால் கோலின் முனை விரிசலைத் தொட்டுவிட்டதா, ஒரு நூல் மேலே நிற்கிறதா என்று தெரியாது. முன்பு ஒரு முறை கண்ணில் தூசி விழுந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்து விரலைச் சுட்டுக்கொண்டேன். படுத்திருக்கும்போது அதுவே நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

நேற்று திங்கட்கிழமை அப்துல் ஹலீம் அஸர் தொழுகைக்குப் போயிருந்தார். அப்போது அந்தச் செருப்புச் சத்தமும் அதனுடன் இன்னொரு ஆளின் நடையும் வாசலில் கேட்டன. மேகனாவின் தாயார் கோதைநாயகி என்பவர் சாப்பாட்டுக் கேரியருடன் வந்திருப்பதாக என் மனைவி என் காதில் சொன்னார். உள்ளே வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். என் மனைவி, "சோத்தத் தூக்கிட்டு வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்கிறது நமக்கு வழக்கமில்ல. உள்ள வாங்க மாமி" என்று சொல்லிவிட்டார்.

கன்னத்தில் தீப்புண் இருப்பதால் நான் மெல்லக் கூடாது. இது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. கோதைநாயகி அம்மாள், "சாத்துமது சாதம் குழைய வடிச்சு எடுத்துண்டு வந்திருக்கேம்மா. மெல்லவே வேண்டாம், அப்படியே உள்ள போயிடும்" என்றார்.

"சாத்து... என்னா மாமி அது?" என்று என் மனைவி கேட்டார்.

"ரசம்தான் அக்கா. எங்காத்துல பேர்தான் பெரிசா இருக்கும்" என்று மேகனா சொன்னார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் குரலை அப்போதுதான் கேட்டேன்.

தட்டை என் மடியில் வைத்து என் வலது கையை எடுத்துச் சோற்றின் மேல் வைத்தார்கள். நான் தடவித் தடவிச் சாப்பிட்டேன். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அந்த அம்மாள், "இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்று கேட்டார். போதுமா, இத்தோடு விட்டுவிடட்டுமா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "விடுங்க மாமி" என்றேன். தட்டில் ரசம் விழுந்தது. மரியாதைக்கு இன்னும் ஒரு கரண்டி போடுகிறார் என்று நினைத்து, "விடுங்க, விடுங்க" என்றேன். இன்னும் விழுந்தது. "அய்யோ விடுங்க மாமி!" என்றேன். தட்டு வழிந்து ரசம் என் கைலியில் இறங்கியது.

என் மனைவி, "மாமி, அவருதான் விடுங்க விடுங்கன்னு கத்துறாருல்ல!" என்றார்.

"அதான்டியம்மா நானும் விட்டுண்டே இருக்கேன்! இதுக்கு மேல விடணும்னா பாத்திரத்தோடதான் கவுக்கணும்!" என்றார் அந்த அம்மாள்.

என் மனைவி சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேனில் வைத்து நான் விடாதீங்க என்றதும் தண்ணீர் நின்றது ஞாபகம் வந்தது. சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மாமி, உங்க வீட்ல ரசத்த ஊத்துன்னு சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சாதத்துல போய் ஊத்தறதாவது! விடறதுன்னுதான் சொல்லுவோம். ஊத்தறதுன்னா கொல்லையில ஊத்தறது, சாக்கடையில ஊத்தறது. கல்யாணமான புதுசுல நான் ஒரு நாள் மோர் ஊத்தட்டுமான்னு கேட்டுட்டு எங்க மாமியார் கிட்ட வாங்கிக் கட்டிண்டேன்" என்றார்.

எங்கள் வீட்டில் வேறு மாதிரி. தட்டில் குழம்பு ஊத்துவோம், குடத்தில் தண்ணி ஊத்துவோம். சாக்கடையில் போவதைக் கொட்டுவது என்போம். விடு என்றால் எங்களுக்கு விட்டுவிடு என்றுதான் முதலில் காதில் விழும்.

அதன் பிறகு நான் மேகனா இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, "அன்னைக்கி தண்ணி ஊத்திட்டு மணல்ல வைங்கன்னு சொன்னேனே, நீங்க என்னம்மா நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கற தண்ணிய சுத்தமா ஊத்திட்டு, காய வெச்சுட்டு வைக்கச் சொல்றேள்னு நெனச்சேன். ஈரம் இருந்தா ஒட்டாதேன்னு" என்றார். அதன் பிறகு, "ஏன் பாய், உள்ள விடச் சொன்னேளா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்றேன். முழுசாவா என்று நான் கேட்டதையும் முழுசா என்று அவர் சொன்னதையும் இரண்டு பேருமே அப்போது நினைத்திருப்போம். கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அந்த அம்மாள் என் கைலியைத் துணியால் துடைக்க வந்ததும், என் மனைவி தடுத்துத் தானே துடைத்ததும் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு அப்துல் ஹலீம் வந்தார். என் மனைவி நடந்ததைச் சொன்னார். அவர் போய் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "மச்சான், இது நமக்குள்ள இருக்கட்டும். நீங்க மாத்திச் சொன்னா, தட்டிப் பாக்காம கோல வச்சது யாருன்னு கேப்பாங்க. குத்தம் உங்க தலையில வந்து நிக்கும். கண்ணும் போயி, கடையும் போகணுமா?" என்றார். அவர் எனக்குக் கெட்டது நினைக்கவில்லை. தட்டிப் பார்க்காமல் கோலை வைத்தது நான்தான். அதை மேலேயே சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி மட்டும் அவரிடம், "தம்பி, நீ தெனமும் அந்தப் பிள்ளைய உள்ள விடல, உள்ள விடலன்னு சொன்னியே. இன்னைக்கி அதோட அம்மா விட்ட ரசத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு, சாப்டு" என்றார். அவர் சாப்பிடவில்லை. ஆனால் இன்று காலை என் மனைவி நிலையத்துக்குக் கிளம்பியபோது ஆட்டோ கூட்டி வந்தவர் அவர்தான். இப்போதும் அறைக்கு வெளியே நிற்கிறார்.

ஆகவே நான் சொல்வது: மேகனா என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது, உள்ளே தண்ணீர் நிரப்பியாயிற்றா என்று. அவர் சொன்னது, உள்ளே இருந்த தண்ணீரை வெளியே கொட்டியாயிற்று என்று. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னோம். முதல் வாக்குமூலத்தில் நான் சொன்ன பொய் என்ற சொல்லை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வெடித்த நொடியிலிருந்து மருத்துவமனை வாசல் வரை அவர் என்னை விட்டு அகலவில்லை.

உதவி ஆய்வாளர் இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் "மேகனா டேங்கில் இருந்த தண்ணீரை ஊற்றிவிட்டதாக" என்று வந்தது. அந்த வார்த்தையை வைத்தால் படிப்பவர் மறுபடியும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்வார், வெளியே கொட்டியதாக என்று எழுதுங்கள் என்றேன். அவர், "எங்க வீட்ல நாங்க மராத்தி பேசுறவங்க பாய். இந்த வம்பே இல்ல" என்று சொல்லி, அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தை மறுபடியும் படித்துக் காட்டினார். இப்போது சரியாக இருக்கிறது.

வலது கண்ணில் பார்வை இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் அது கொடுங்காயம் என்று ஆகும், வழக்கின் பிரிவும் மாறும் என்று உதவி ஆய்வாளர் விளக்கினார். வியாழக்கிழமை காலை டாக்டரின் சான்று வந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாமே, இரண்டு நாள்தானே என்றும் கேட்டார். நான் இன்றே எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். அதற்குக் காரணம் கேட்டார். கட்டைப் பிரித்து, கண்ணைத் திறக்கச் சொல்லி, திறந்த பிறகும் இருட்டாகவே இருந்தால், அதன் பிறகு இதே வார்த்தைகளை இதே மாதிரி நான் சொல்வேனா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று என்னால் சொல்ல முடிகிறது. அதனால் இன்று சொல்கிறேன்.

கட்டு வியாழக்கிழமை காலை பிரிக்கப்படும். மேகனா வெள்ளிக்கிழமை நிலையத்தில் ஆஜராக வேண்டும். அவர் வருவதற்கு முன் இந்த வாக்குமூலம் வழக்குக் கோப்பில் சேர்க்கப்படும் என்று உதவி ஆய்வாளர் தெரிவித்தார்.

நான் சொன்னது இவ்வளவுதான். முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் அறிந்த வரையில் இதில் உள்ளது உண்மை, நான் பார்க்காததை யார் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். கண் கட்டியிருப்பதால் பெருவிரல் ரேகை போதும் என்றார் உதவி ஆய்வாளர். கையெழுத்தே போடுகிறேன் என்றேன். வஹீதா என் கையைப் பிடித்துத் தாளில் உரிய இடத்தில் வைத்தார். போட்ட பிறகு, கையெழுத்து வரியை விட்டு மேலே ஏறிவிட்டது என்றார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

(ஒப்பம்) ஜெகபர் சாதிக்

உடனிருந்து கேட்டவர்: வஹீதா

எழுதிப் படித்துக் காட்டியவர்: பீமராவ், சிறப்பு உதவி ஆய்வாளர்

திருத்தம் ஒன்று. "ஊற்றிவிட்டதாக" என்பது அடிக்கப்பட்டு "வெளியே கொட்டியதாக" என்று எழுதப்பட்டது.